வெள்ளை ஏன் சாம்பலாச்சு? புதுசா கேமரா தூக்கறவங்களுக்கு

போன ஜனவரில என் அக்கா பொண்ணு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா, குன்னூர்ல காலேஜ் படிக்கறா, பாக்கெட் மணி சேர்த்து வாங்கினது. வாங்கின மூணாம் நாளே கூட படிக்கற படுகர் பொண்ணோட சேர்ந்து பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கிளம்பிட்டா. நீங்க போயிருக்கீங்களா தெரியல, கோத்தகிரி பக்கம், மார்கழி தை வாக்குல வரும், ஆம்பளை பொம்பளை கைக்குழந்தை வரைக்கும் வெள்ளை உடுத்திட்டு வருவாங்க, தூரத்துல நின்னு பார்த்தா மலைச்சரிவே வெள்ளையா இருக்கும். அங்க சுத்தி சுத்தி ஒரு 200 படம் எடுத்துட்டு ராத்திரியே எனக்கு அனுப்பிட்டா. பார்த்தா எல்லாத்துலயும் அந்த வெள்ளை, மழைல நனைஞ்ச சிமெண்ட் மூட்டை கலர்ல இருக்கு. போன் வேற வந்துச்சு. "மாமா, கேமரா ரிப்பேருங்களா? விக்கறப்பவே தெரிஞ்சுதான் தலைல கட்டிட்டாங்களா?"

ரிப்பேரும் இல்ல ஒண்ணும் இல்ல கண்ணு, கேமரா அது வேலையைத்தான் பார்த்திருக்குன்னு சொன்னேன். சொல்லிட்டு அதை விளக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, ஏன்னா ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு வருது. அதைத்தான் இங்க எழுதறேன். புதுசா கேமரா வாங்கினவங்க, போன்லயே எடுத்துட்டு அடுத்து என்னன்னு யோசிக்கறவங்க, உங்களுக்குத்தான்.

முதல்ல அந்த சாம்பல் விஷயம். கேமராவுக்குள்ள மீட்டர்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சத்தை அளக்கறது. அது எதிர்ல இருக்கற பொருள் மேல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தைத்தான் அளக்கும். இப்போ பிரச்சினை என்னன்னா, நல்ல வெயில்ல இருக்கற கருப்புக் கம்பளியும், நிழல்ல இருக்கற வெள்ளைத் துணியும் அதுக்கு ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பலாம். எது கம்பளி எது துணின்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால கேமரா செய்யறவங்க ஒரு பொது வழக்கம் வெச்சுட்டாங்க: உலகத்துல இருக்கற எல்லாக் காட்சியையும் சராசரி எடுத்தா ஒரு நடுத்தர சாம்பல் வரும்னு வெச்சுக்கோ, அந்த சாம்பல் வர்ற மாதிரி எடுத்துடு. 18 சதவீத சாம்பல்னு பழைய போட்டோகிராபர்ங்க சொல்வாங்களே, அதாவது மேல விழற வெளிச்சத்துல 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பற சாம்பல், அதான் அது. மரம், மண்ணு, ரோடு, ஆளுங்க, கொஞ்சம் வானம்னு கலந்து இருக்கற சாதாரண இடத்துல இந்தக் கணக்கு ரொம்ப நல்லாவே வேலை செய்யும். ஆனா பிரேம் முழுக்க வெள்ளை நின்னா? "ஐயோ வெளிச்சம் ஜாஸ்தியா வருதே"ன்னு அது குறைச்சுடும், வெள்ளை சாம்பலாயிடும். பிரேம் முழுக்க கருப்பு நின்னா நேர்மாறு, எஸ்டேட்ல மேயற காட்டெருமையை ஜூம் பண்ணி எடுத்தா அது கருப்பாவே இருக்காது, சாயம் போன மாதிரி வெளுத்துத் தெரியும்.

புதுக் கேமராவுல எல்லாம் மீட்டர் முன்ன விட புத்திசாலி, பிரேமைப் பல கட்டமாப் பிரிச்சுப் பார்க்குது, ஆள் முகத்தைக் கூட கண்டுபிடிக்குது, ஆனாலும் மொத்தமா வெள்ளையைக் காட்டினா இன்னும் தடுமாறத்தான் செய்யுது. நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்மகிட்ட வெள்ளைக்குப் பஞ்சமே இல்ல. மூடுபனி வெள்ளை. டிசம்பர் ஜனவரில தலைகுந்தா புல்லு மேல விடிகாலைல உறைஞ்சு கிடக்கற பனி வெள்ளை. தோடர் எம்பிராய்டரி போட்ட சால்வை, சிவப்பும் கருப்பும் நூல்ல இருந்தாலும் அடித்துணி வெள்ளைதான். டூரிஸ்டுங்க "மிஸ்டுல எடுத்தேன், படம் டல்லா வந்துருச்சு"ன்னு சொல்றதுல முக்கால்வாசி இந்தக் கேஸ்தான், மிஸ்டு மேல தப்பில்ல.

இதுக்கு வைத்தியம் ஒரே பட்டன். கேமராவுல பிளஸ் மைனஸ் போட்ட ஒரு பட்டன் இருக்கும், இல்லன்னா அப்படி ஒரு வீல் இருக்கும், அதுக்குப் பேரு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். பேருதான் பயமுறுத்தும். வெள்ளையா இருந்தா பிளஸ் பக்கம் 1ல இருந்து ஒண்ணரை, கருப்பா இருந்தா மைனஸ் பக்கம் 1, அவ்ளோதான். வெள்ளைக்குப் போய் பிளஸ்ஸான்னு தோணும், எனக்கும் ஆரம்பத்துல குழம்புச்சு, "ஏற்கனவே வெள்ளையா இருக்கே, இன்னும் எதுக்கு ஏத்தணும்"னு. கேமரா பயந்து குறைச்சதை நாம திருப்பிக் குடுக்கறோம்னு நினைச்சுக்கோங்க. போன்லயும் இது உண்டு, ஸ்கிரீன்ல தொட்டா ஒரு சின்ன சூரியன் வரும் இல்லையா, அதை மேல கீழ இழுக்கறது இதேதான், இத்தனை நாள் பேரு தெரியாம செஞ்சுட்டு இருந்திருப்பீங்க.

சரி, பிளஸ் 1 வெச்சா கேமரா உள்ள என்ன செய்யுது? இங்கதான் எல்லாரும் ஓடிப்போற அந்த மூணு வார்த்தை வரும். அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ.

மலைல வீடு இருக்கறவங்களுக்கு ஒண்ணு தெரியும், சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வெச்சா மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்துடும். எவ்வளவு வரும்ங்கறது ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது, ஜன்னலை எவ்வளவு அகலமாத் திறந்தீங்க, எவ்வளவு நேரம் திறந்து வெச்சீங்க. பனிக்கு பதிலா வெளிச்சம்னு வெச்சுக்கோங்க. திறப்போட அகலம் அப்பர்ச்சர். திறந்திருக்கற நேரம் ஷட்டர் ஸ்பீடு. மூணாவதா ஐஎஸ்ஓவையும் சேர்த்து முக்கோணம் வரைஞ்சு சொல்லித்தருவாங்க எல்லா இடத்துலயும், எனக்கு அந்த முக்கோணமே பிடிக்காது, ஏன்னா ஐஎஸ்ஓ வெளிச்சத்தை உள்ள கொண்டுவர்றதே இல்ல, அது வந்ததுக்கு அப்புறம் நடக்கற வேலை. அதை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொரு சின்ன வார்த்தை மட்டும் இங்கயே சொல்லிடறேன், ஸ்டாப். வெளிச்சம் ரெண்டு மடங்கானா ஒரு ஸ்டாப் கூடுச்சுன்னு அர்த்தம், பாதியானா ஒரு ஸ்டாப் குறைஞ்சுதுன்னு அர்த்தம். பிளஸ் 1னா ஒரு ஸ்டாப். இது மட்டும் மண்டைல ஏறிட்டா மிச்சம் எல்லாம் கடைக் கணக்கு மாதிரி ஆயிடும்.

அப்பர்ச்சர்ல எல்லாரும் இடறி விழறது அந்த நம்பர்ல. எஃப் 2, எஃப் 2.8, எஃப் 4, 5.6, 8, 11, 16, 22. நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும். ஏன் இப்படித் தலைகீழா வெச்சிருக்காங்கன்னு கோபம் வரும். அது வெறும் நம்பர் இல்ல, பின்னம், கீழ இருக்கற எண் அது. தோசையை ரெண்டாப் பிச்சா பெரிய துண்டு, எட்டாப் பிச்சா சின்னத் துண்டு, எட்டு பெரிய நம்பர்தானேன்னு யாராவது எட்டுல ஒரு துண்டு கேப்பாங்களா? அதே கதைதான். லென்ஸோட போகல் லெங்த்தை, லென்ஸ் மேல மில்லிமீட்டர்ல எழுதியிருக்குமே அந்த எண்ணை, இந்த எஃப் நம்பரால வகுத்தா ஓட்டையோட விட்டம் வரும். 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல எஃப் 2 வெச்சா ஓட்டை 25 மில்லிமீட்டர், எஃப் 8 வெச்சா 6 மில்லிமீட்டர் சொச்சம். அப்புறம் ஏன் 2, 3, 4ன்னு போகாம 2, 2.8, 4, 5.6ன்னு கோணலா போகுதுன்னா, வட்டத்தோட பரப்பு பாதியாகணும்னா விட்டத்தை 1.4 ஆல வகுத்தாப் போதும், அதனால ஒவ்வொரு நம்பரும் முன்னாடி இருக்கறதோட 1.4 மடங்கு. அந்த வரிசைல ஒரு படி தாண்டினா ஒரு ஸ்டாப். மனப்பாடம் பண்ண வேணாம், ஒரு வாரம் கேமராவை வெச்சுத் திருகினா தானா வந்துடும்.

ஓட்டையோட அளவு வெளிச்சத்தோட நிக்கறதில்ல, அதனாலதான் அப்பர்ச்சர் மேல எல்லாருக்கும் இவ்வளவு ஆசை. ஓட்டை பெருசா இருந்தா போகஸ் ஆன இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சீக்கிரமே மங்கிடும், சின்னதா இருந்தா ரொம்ப தூரம் வரைக்கும் தெளிவா இருக்கும். இந்தத் தெளிவா இருக்கற ஆழத்துக்குத்தான் டெப்த் ஆஃப் பீல்டுன்னு பேரு. கல்யாண ஆல்பத்துல பொண்ணு மாப்பிள்ளை மட்டும் பளிச்சுன்னு, பின்னாடி லைட்டு எல்லாம் உருண்டை உருண்டையா இருக்குமே, பெரிய ஓட்டை. லேம்ப்ஸ் ராக்ல நின்னு பக்கத்துப் பாறையும் தெரியணும், கீழ கோயமுத்தூர் பக்கத்துச் சமவெளியும் தெரியணும்னா எஃப் 8, எஃப் 11. எஃப் 22 வரைக்கும் போனா இன்னும் தெளிவா இருக்கும்னு நினைக்காதீங்க, ரொம்பச் சின்ன ஓட்டைல நுழையறப்ப வெளிச்சமே விரிஞ்சு சிதறிடும், படம் மொத்தமா கொஞ்சம் சாஃப்ட் ஆயிடும்.

"என்கிட்ட கேமராவோட வந்த கிட் லென்ஸ்தான் மாமா, பின்னாடி பிளர் வரமாட்டேங்குது"ன்னா இவ. 18-55 லென்ஸ், 18ல எஃப் 3.5, 55க்குப் போனா எஃப் 5.6க்கு மேல திறக்காது. உண்மைதான், ஆனா பிளர்ங்கறது ஓட்டையால மட்டும் வர்றதில்ல, ஆளுக்கும் உங்களுக்கும் இருக்கற தூரம், ஆளுக்கும் பின்னணிக்கும் இருக்கற தூரம், லென்ஸை எவ்வளவு ஜூம் பண்ணியிருக்கீங்க, எல்லாம் சேர்ந்ததுதான். லென்ஸை 55ல வெச்சு, ஆளுக்கு ஒரு ஒண்ணரை மீட்டர் பக்கத்துல போய் நின்னு, அவங்களுக்குப் பின்னாடி சுவரு இல்லாம பள்ளத்தாக்கு இருக்கற மாதிரி நிக்க வைங்க. எஃப் 5.6லயே பின்னாடி தேயிலைத் தோட்டம் பச்சைப் பச்சையாக் கரைஞ்சு போயிடும். மலைல நமக்கு இருக்கற சௌகரியம் இது, ரோட்டோரம் எங்க திரும்பினாலும் பின்னணி ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, சமவெளிக்காரங்களுக்கு இது கிடைக்குமா?

ஷட்டர் ஸ்பீடுக்கு நம்ம மலை ரயிலை விட நல்ல வாத்தியார் கிடையாது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் நீராவி இன்ஜின் பின்னாடி நின்னு தள்ளிட்டு வரும், பல் சக்கரம் இருக்கற ஏத்தத்துல மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் வேகம்தான். கணக்கு போட்டா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 2.8 மீட்டர். ஷட்டரை 1/30 செகண்டுக்கு வெச்சா அந்த நேரத்துல ரயில் 9 சென்டிமீட்டர் நகர்ந்துடும். குறுக்க போற ரயிலைப் பக்கத்துல நின்னு எடுத்தா ஜன்னல் கம்பியெல்லாம் இழுவி இருக்கும். 1/250 வெச்சா ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், கண்ணுக்குத் தெரியாது, ரயில் நின்ன மாதிரி இருக்கும். இந்தியாவுலயே மெதுவான ரயிலுக்கே இந்தக் கதின்னா ஓடற பசங்களுக்கும் பறக்கற குருவிக்கும் எவ்வளவு வேணும்னு பார்த்துக்கோங்க, பறவைக்கு 1/1000ல இருந்து மேலதான். ஆனா ரயில் அசையாம பளிச்சுன்னு நின்னா ஏதோ ஸ்டேஷன்ல நிக்கற ரயில் மாதிரி உயிரே இல்லாம இருக்கேன்னு தோணும் பாருங்க, அப்போ வேணும்னே 1/30 வெச்சு, ரயிலோட சேர்ந்து கேமராவையும் அதே வேகத்துல திருப்பிட்டே அமுக்குவாங்க, ரயில் தெளிவாவும் பின்னாடி காடு கோடு கோடாவும் வரும். பேனிங்னு பேரு. பத்து எடுத்தா ஒண்ணு தேறும், எனக்கு இருபதுல ஒண்ணு.

ஒரு விஷயம், ரயில் நகர்ந்தா மட்டும் இழுவல் வராது, நம்ம கை நடுங்கினாலும் வரும், அதுவும் காலைல குளிருல. பழைய கணக்கு என்னன்னா, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதைக் கீழ போட்டு ஒண்ணை மேல போடுங்க, அதை விட மெதுவா கையில வெச்சு எடுக்காதீங்க. 200 மில்லிமீட்டர்னா 1/200. சென்சார், அதான் உள்ள படம் பதியற சில்லு, சின்னதா இருக்கற கேமராவா இருந்தா இன்னும் கொஞ்சம் கூட்டி 1/320ன்னு வெச்சுக்கோங்க. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருந்தா ரெண்டு மூணு ஸ்டாப் சலுகை கிடைக்கும், ஆனா அது உங்க கை நடுக்கத்துக்குத்தான் சலுகை, ஓடற பையனுக்கு இல்ல, இதைப் பல பேர் மாத்திப் புரிஞ்சுக்கறாங்க.

மெதுவான ஷட்டருக்கும் வேலை இருக்கு. பைக்காரா அருவித் தண்ணி பால் ஊத்தின மாதிரி வரணும்னா அரை செகண்டு ஒரு செகண்டு வேணும், கேமரா அசையவே கூடாது, டிரைபாட் வேணும், நடு மதியம் முயற்சி பண்ணினா படம் முழுசா வெளுத்துப் போகும், அதனால மேகம் மூடின விடிகாலை. ராத்திரி கேத்தி பள்ளத்தாக்கு லைட்டு, ஊட்டி குன்னூர் ரோட்டுல வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தா நட்சத்திரம் கொட்டின மாதிரி இருக்குமே, அதுக்கு எஃப் 8, பத்துப் பதினஞ்சு செகண்டு, பட்டனை அமுக்கற அசைவு கூட வராம இருக்க 2 செகண்டு டைமர். டிரைபாட் இல்லையா, பாலத்துக் கட்டைச் சுவரு மேல துண்டைச் சுருட்டி வெச்சு அது மேல கேமரா, நான் பல வருஷம் அப்படித்தான் எடுத்தேன்.

இப்போ ஐஎஸ்ஓ. ஜன்னல் வழியா வந்த பனி வந்ததுதான், ஐஎஸ்ஓ புதுசா எதையும் கொண்டுவராது. சென்சாருக்கு வந்த கொஞ்ச வெளிச்சத்தோட சிக்னலைப் பெருசாக்கிக் காட்டும். மழை நாள்ல ரேடியோல ஊட்டி வானொலி லேசா கேக்குதுன்னு வால்யூமை ஏத்தினா பாட்டும் ஏறும், கரகரப்பும் சேர்ந்து ஏறும் இல்லையா, அந்தக் கரகரப்புதான் போட்டோல நாய்ஸ், நிழல் பகுதில மண்ணு தூவின மாதிரி தெரியும். 100ல சுத்தமா இருக்கும், 1600, 3200ன்னு ஏற ஏற மண்ணு கூடும். ஆனா ஐஎஸ்ஓவுக்கு ரொம்ப பயப்படாதீங்க. நாய்ஸ் இருக்கற தெளிவான படம் பார்க்க முடியும், நாய்ஸே இல்லாம இழுவிப்போன படத்தை வெச்சு என்ன செய்யறது? இருட்டுக் கோயில்ல, கல்யாண மண்டபத்துல தாராளமா 3200 போடுங்க.

பிலிம் காலத்துல இந்த வசதி கிடையாது, 400 ரோல் போட்டா 36 படமும் 400தான், நடுவுல மாத்தணும்னா ரோலையே மாத்தணும். பிலிம்னு சொன்னதும் சொல்லாம போக முடியல, ஊட்டி இந்து நகர்ல ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு அரசாங்கக் கம்பெனி இருந்துச்சு, 1960ல ஆரம்பிச்சது, இந்துங்கற பேர்லயே பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செஞ்சாங்க. நாட்டுக்கே பிலிம் செஞ்ச ஊரு இது, இப்போ அந்தக் கம்பெனி ஓடல, இங்க பிறந்து வளர்ந்த பசங்களுக்கே தெரியல.

மூணையும் சேர்த்துப் பார்க்க ஒரு பழைய குறுக்கு வழி இருக்கு, மீட்டர் இல்லாத காலத்துது. நல்ல வெயில்ல எஃப் 16 வெச்சு, ஐஎஸ்ஓ எவ்வளவோ அதையே ஷட்டருக்குக் கீழ போடுங்க, ஐஎஸ்ஓ 100னா 1/100, கேமராவுல பக்கத்துல இருக்கற 1/125. படம் சரியா வரும். இப்போ எஃப் 8க்கு வந்தீங்கன்னா ஓட்டை ரெண்டு ஸ்டாப் பெருசாச்சு, அப்போ நேரத்தை ரெண்டு ஸ்டாப் குறைங்க, 1/500. வெளிச்சம் அதே, படம் வேற. மேகம் மூடினா எஃப் 8, ரொம்ப மூடினா 5.6ன்னு இறங்கணும். ஜனவரி மதியம் தொட்டபெட்டால வானம் தெளிவா இருக்கறப்ப ஒரு தடவை எம் மோடுல, அதாவது எல்லாத்தையும் நாமளே வெக்கற மேனுவல் மோடுல, இதை செஞ்சு பாருங்க, கேமரா மேல இருந்த பயம் போயிடும். மத்த நாள்ல எம் மோடு எல்லாம் தேவையே இல்ல, அது போட்டாத்தான் போட்டோகிராபர்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. டயல்ல ஏ, சில கேமராவுல ஏவி, அதுல வெச்சு அப்பர்ச்சரை மட்டும் நீங்க பார்த்துக்கோங்க, ஷட்டரை அது பார்த்துக்கும், தப்பா வந்தா அந்த பிளஸ் மைனஸ். நான் பத்து வருஷமா அப்படித்தான்.

படம் சரியா வந்துச்சான்னு பின்னாடி ஸ்கிரீனை மட்டும் நம்பாதீங்க, வெயில்ல பார்த்தா இருட்டாத் தெரியும், ராத்திரில பார்த்தா பிரமாதமாத் தெரியும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா அழுகை வரும். ஹிஸ்டோகிராம்னு ஒரு குவியல் படம் காட்டும், இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை, எங்க அதிகமா குவிஞ்சிருக்கோ அந்த அளவு வெளிச்சம் படத்துல அதிகம். வெள்ளை உடுத்தின கூட்டம்னா குவியல் வலது பக்கம் இருக்கணும், ஓரத்துல போய் முட்டாம. அக்கா பொண்ணு படத்துல எல்லாம் நட்டநடுவுல உக்காந்திருந்துச்சு, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு.

லென்ஸ்ல எழுதியிருக்கற மில்லிமீட்டர், போகல் லெங்த், அது எவ்வளவு அகலமாப் பார்க்குதுங்கறதுக்கு. 18 அகலம், 55 நடுவுல, 250 தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுக்கறது. கிராப் பேக்டர்னு ஒண்ணு கேள்விப்படுவீங்க: பழைய பிலிம் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர், அதே அளவு சென்சார் இருந்தா புல் பிரேம், நாம வாங்கற விலைல வர்ற கேமராவுல சென்சார் அதை விடச் சின்னது, அதனால ஓரம் எல்லாம் வெட்டுப்பட்டு 1.5 மடங்கு ஜூம் பண்ணின மாதிரி தெரியும், கேனான்ல 1.6. அவ்வளவுதான் அதுல விஷயம். மலை அடுக்கடுக்கா, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நீலமா மங்கிட்டே போற படத்துக்கு எல்லாரும் வைடு லென்ஸ் போடுவாங்க, மலை எல்லாம் எறும்புப் புத்து மாதிரி ஆயிடும். கோடநாடு வியூ பாயிண்ட்ல நின்னு 200 போட்டு ஒரு மூலையை மட்டும் எடுங்க, அடுக்கு எப்படி நெருங்கி வருதுன்னு தெரியும். காட்டெருமைக்கும் 250 தான், 18 போட்டுட்டு கிட்ட போகலாம்னு நினைக்காதீங்க, பார்க்க மாடு மாதிரி நிக்கும், திரும்பினா நமக்கு ஓட நேரமே இருக்காது.

போகஸ். மூடுபனில பட்டனைப் பாதி அமுக்கினா லென்ஸ் முன்ன பின்ன போயிட்டே இருக்கும், பிடிக்காது. ஆட்டோ போகஸ் எப்பவும் வித்தியாசத்தைத் தேடும், கருப்புக்குப் பக்கத்துல வெள்ளை, கோட்டுக்குப் பக்கத்துல வெறும் இடம், இந்த மாதிரி. பனில அது எங்க இருக்கு? அதனால போகஸ் பாயிண்ட்டை ஒண்ணே ஒண்ணு நடுவுல வெச்சுக்கிட்டு, எஸ்டேட்டுக்குள்ள நிக்கற சில்வர் ஓக் மரத்தோட ஓரத்துல வெச்சு பாதி அமுக்கி, பிடிச்சதும் விடாம பிரேமை நகர்த்தி முழுசா அமுக்குங்க. படம் தெளிவா இல்லன்னா கை ஆடுச்சா போகஸ் தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? பெருசாக்கிப் பாருங்க, எல்லாமே ஒரே திசைல இழுவி இருந்தா கை, பின்னாடி இருக்கற இலை மட்டும் தெளிவா இருந்து மூக்கு மங்கலா இருந்தா போகஸ்.

ஒயிட் பேலன்ஸ் கொஞ்சம் ருசியான விஷயம். வெளிச்சத்துக்கு நிறம் இருக்கு, நம்ம கண்ணு சரி பண்ணிக்கறதால தெரியறதில்ல. அதை கெல்வின் கணக்குல சொல்வாங்க, பழைய குண்டு பல்பு 2700, 3000 பக்கம் மஞ்சளா, வெயில் 5500, மூட்டம் 6500, நிழல் அதுக்கும் மேல போய் நீலமா. ஆட்டோல விட்டா கேமரா எல்லாத்தையும் நடுநிலைக்குக் கொண்டுவர முயற்சி பண்ணும், அதாவது மீட்டர் வெள்ளையை சாம்பலாக்கின மாதிரி இது விடிகாலை நீலத்தைத் தின்னுடும். தூரத்து மலை நீலமாத் தெரியறது, காத்துல நீல வெளிச்சம் அதிகமா சிதறறதால, அதுதான் இந்த ஊரோட அழகே, நீலகிரிங்கற பேரு வந்ததே குறிஞ்சிப் பூவாலன்னும் சிலர் சொல்வாங்க, எதுவா இருந்தாலும் நீலகிரில போய் நீலத்தை ஆட்டோகிட்டக் குடுத்துட்டு வரலாமா? விடியறப்பவும் பொழுது சாயறப்பவும் ஒயிட் பேலன்ஸை டேலைட்ல, அந்தச் சூரியன் படம் போட்டது, அதுல வெச்சுடுங்க. வீட்டுக்குள்ள பல்பு வெளிச்சத்துல ஆட்டோவே பரவால்ல.

மெகாபிக்சல் பத்தி ரொம்பக் கேக்காதீங்க. 1975ல கோடாக்ல ஸ்டீவன் சாசன்னு ஒரு இன்ஜினியர் செஞ்ச முதல் டிஜிட்டல் கேமரால 0.01 மெகாபிக்சல்தான், ஒரு படம் கேசட்ல பதிய 23 செகண்டு. இப்போ 24 இருக்கு, ஆல்பத்துக்கும் சுவத்துல மாட்டறதுக்கும் தாராளம், கடைல 200ன்னு போன்ல ஒட்டியிருக்கறதைப் பார்த்து மயங்க வேணாம், சென்சார் நகத்தளவு. ஒரு சுவாரசியம் மட்டும்: சென்சார் மேல சிவப்பு பச்சை நீலம்னு வடிகட்டி கட்டம் கட்டமா இருக்கும், அதுல பாதிக் கட்டம் பச்சை, மிச்சப் பாதியைத்தான் மத்த ரெண்டும் பங்கு போட்டுக்கும், ஏன்னா நம்ம கண்ணு பச்சைக்குத்தான் ரொம்ப உஷார். தேயிலைக்காரங்களுக்குன்னே செஞ்ச மாதிரி.

கடைசியா அவ கேட்டது, "அந்த 200 படத்தையும் காப்பாத்த முடியுங்களா மாமா?" ஜேபெக்ல எடுத்திருந்தா. ஜேபெக்குங்கறது கேமராவே சமைச்சுப் பரிமாறின சாப்பாடு, உப்பு கம்மின்னா மேல தூவிக்கலாம், அவ்வளவுதான், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான் அதுல இருக்கும். ரா (RAW) பைல்னு இன்னொண்ணு இருக்கு, சென்சார் பதிஞ்சதைக் கேமரா சமைக்காம அப்படியே குடுக்கறது, அது அரிஞ்சு வெச்ச காய்கறி, 14 பிட் கேமரான்னா 16,384 படி, நாமதான் சமைக்கணும், ஆனா ஒரு ஸ்டாப் ரெண்டு ஸ்டாப் தப்பை சத்தமில்லாம சரி பண்ணிடலாம். பைல் பெருசா இருக்கும், மெமரி கார்டு சீக்கிரம் ரொம்பும். ஆரம்பத்துல ரெண்டும் சேர்த்துப் பதியற மாதிரி வெச்சுக்கோங்க. இவ படம் ஒரு ஸ்டாப் குறைவுதான், அதனால ஜேபெக்லயே ஏத்தி முக்கால்வாசி தேத்திட்டோம், நிழல்ல இருந்த முகம் மட்டும் கொஞ்சம் மண்ணு மண்ணா இருக்கு.

கேமராவைப் பார்த்துக்கறதைப் பத்தி ரெண்டு வார்த்தை, மலைல இருக்கறவங்களுக்கு மட்டும். குளிர்ல இருந்த கேமராவை மேட்டுப்பாளையம் இறங்கினதும் வெளிய எடுத்தா லென்ஸ் மேல முத்து முத்தா தண்ணி கோத்துக்கும், பைக்குள்ளயே அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் பூஞ்சை. குன்னூர் கோத்தகிரில ஐப்பசி கார்த்திகை மழை, அந்தப் பக்கம் கூடலூர் அவலாஞ்சில ஆடி மழை, எந்தப் பக்கம் இருந்தாலும் பீரோக்குள்ள வெச்ச லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிச்சுடும். என் 50 லென்ஸ் ஒண்ணு அப்படித்தான் போச்சு, தோல் பைல போட்டு பத்திரமா வெச்சேன்னு நினைச்சேன், தோல்தான் ஈரத்தையே பிடிச்சு வெச்சுக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மூடி இறுக்கமா இருக்கற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், கூட ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர், 40ல இருந்து 50க்குள்ள நின்னாப் போதும். அரிசில போட்டு வைக்கறது வேணாம், தூசி உள்ள போயிடும். ஜெல் நிறம் மாறிடுச்சுன்னா தூக்கிப் போடாதீங்க, பழைய வாணலில சின்னத் தீல போட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சு வறுத்தா திரும்பப் பழைய நிறத்துக்கு வந்துடும், ஆனா அந்த வாணலில அப்புறம் எதையும் சமைக்காதீங்க, எங்க அக்காகிட்ட அதுக்கு நான் வாங்கின திட்டு தனி.